போன வருஷத்து ஷீட்

எங்கள் அமைப்பில் பட்ஜெட் வேலை எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "போன வருஷத்து ஷீட்டைத் திற."

திறப்பேன். மேலே வருடத்தை மாற்றுவேன். சம்பளத்துக்கு எட்டு சதவீதம், மற்றதற்கெல்லாம் ஐந்து சதவீதம் ஏற்றுவேன். கூட்டிப் பார்த்தால் வரவைத் தாண்டிச் செலவு கொஞ்சம் எகிறி நிற்கும். பயணத்தில் கொஞ்சம், அச்சுச் செலவில் கொஞ்சம் கிள்ளினால் இரண்டு பக்கமும் நேராகிவிடும். சாயங்காலத்துக்குள் முடிகிற வேலை. ஏழு வருடம் இப்படித்தான் செய்தேன். தணிக்கையாளர் ஒரு வருடம்கூடக் குறை சொன்னதில்லை. நிர்வாகக் குழுவும் கையைத் தூக்கி நிறைவேற்றிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடும்.

அமைப்பின் குறிக்கோள்கள் இன்னொரு கோப்பில் இருந்தன. அதை வேறு ஆட்கள் வேறு மாதத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். நானும் படித்திருக்கிறேன், நல்ல தமிழில் இருக்கும். அதற்கும் என் ஷீட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இப்போது சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் செய்கிற வேலை இது: பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து தருகிறோம். சம்பளத்தில் ஒன்பது பேர், வாசித்துத் தர நாற்பது தன்னார்வலர்கள். இந்தப் புத்தகம் வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்பார். ஒருவர் அதை அறைக்குள் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்வார். இன்னொருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுப் பதிவையும் கேட்டுப் பிழை குறிப்பார். பிழையான இடங்களைத் திரும்ப வாசித்து ஒட்டுவார்கள். பிறகு அத்தியாயம் அத்தியாயமாக வெட்டி அனுப்புவோம்.

குறிக்கோள் கோப்பின் முதல் வரி: "மாணவர் கேட்ட ஆறு வாரத்துக்குள் புத்தகம் அவர் கையில்." நிஜத்தில் பத்தொன்பது வாரம் ஆகிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வாரத்தில் பருவமே முடிந்து, தேர்வும் முடிந்துவிடும். தேர்வு எழுதிய பிறகு வந்து சேர்ந்த புத்தகத்துக்கும் சில மாணவர்கள் நன்றி சொல்லி எழுதுவார்கள். அந்தக் கடிதங்களை ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வருட பட்ஜெட்டில் மிகப் பெரிய தொகை இரண்டாவது ஒலிப்பதிவு அறைக்கு. சுவருக்கு ஒலித்தடுப்பு, புது மைக், மிக்ஸர், குளிரூட்டி எல்லாம் சேர்த்து. ஏன் இரண்டாவது அறை என்று யாரும் கேட்கவில்லை. புத்தகம் தாமதமாகிறது, அறை ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே இன்னொன்று வேண்டும். கேட்கிற யாருக்கும் சரி என்றுதான் படும்.

அந்தச் சமயத்தில் வணிகவியல் படிக்கும் என் அண்ணன் மகள் ஒரு பயிற்சிக்காக எதாவது ஒரு நிஜ பட்ஜெட் வேண்டும் என்று கேட்டாள். எங்களுடையதையே பெயரை மறைத்துக் கொடுத்தேன். இது என்ன மாதிரி இடம் என்று கண்டுபிடித்துச் சொல் பார்ப்போம் என்று விளையாட்டாகக் கேட்டும் வைத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தாள்.

"ஸ்டூடியோ வாடகைக்கு விடுற கம்பெனியா சித்தப்பா? மலர் ஒண்ணும் போடுறாங்க போல. ஆனா யாருக்காக நடத்துறாங்கன்னு இதுல எங்கயும் இல்லையே."

தாளை வாங்கிப் பார்த்தேன். சம்பளம், வாடகை, மின்சாரம், கருவிகள், பராமரிப்பு, பயணம், அச்சு, ஆண்டு மலர், கூட்டச் செலவு, தணிக்கைக் கட்டணம், இதர செலவுகள். உண்மைதான். மாணவர் என்ற சொல்லும் இல்லை, புத்தகம் என்ற சொல்லும் இல்லை. பணம் எந்தக் கடைக்குப் போகிறது என்று அந்தத் தாள் சொன்னது. எதற்காகப் போகிறது என்று சொல்லவில்லை. பெரும்பாலான அமைப்புகளின் பட்ஜெட் இப்படித்தான் இருக்கிறது. கணக்கு எழுத வசதியான தலைப்புகளிலேயே திட்டமும் போட்டுவிடுகிறோம். கணக்குக்கு அது வசதி. முடிவெடுக்க உதவாது.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் பொறுமை மட்டும்தான் தேவைப்பட்டது. ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். 312 பக்கப் பொருளியல் பாடநூல். கேட்ட தேதியிலிருந்து அனுப்பிய தேதி வரை அது எங்கெங்கே இருந்தது என்று பதிவேட்டையும் கணினிக் கோப்புகளின் தேதிகளையும் வைத்துப் பின்தொடர்ந்தேன். வாசிப்பவர் கிடைக்க ஒன்பது நாள். வாசித்துப் பதிவு செய்ய மூன்று வாரம். அப்புறம் ‘கேட்க வேண்டியவை’ என்ற கோப்புறைக்குள் போய்ப் படுத்திருக்கிறது, பதினொரு வாரம். அதற்குப் பிறகு திருத்தி ஒட்ட இரண்டு வாரம், வெட்டி அனுப்பப் பத்து நாள்.

பதினொரு வாரம் யாரும் தொடாமல் கிடந்திருக்கிறது. ஏனென்றால் பதிவைக் கேட்டுப் பிழை பார்க்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு அம்மா, அதுவும் வாரத்தில் மூன்று நாள். அவர் அருமையாகச் செய்வார். ஆனால் ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் காது கேட்காது. கேட்கும், ஆனால் பிழை பிடிபடாது. அவரே சொன்னது.

அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் புத்தகம் ஒன்று சராசரியாகப் பதினான்கு மணி நேரம் ஓடும். நிறுத்தி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, குறித்துக்கொண்டு கேட்டால் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் போகும். ஆக ஒரு புத்தகத்துக்கு 21 மணி நேரம். அவர் தருவது வாரத்துக்கு 18 மணி, வருடத்தில் 48 வாரம், மொத்தம் 864 மணி. அதில் முடிவது 41 புத்தகம். மாணவர்கள் கேட்பது 70. எழுபதுக்கு 1,470 மணி நேரம் வேண்டும். பற்றாக்குறை 606 மணி நேரம்.

அவ்வளவுதான். ‘ஆறு வாரத்துக்குள்’ என்ற குறிக்கோளின் விலையில் பெரும்பகுதி இந்த 606 மணி நேரம். மணிக்கு இவ்வளவு என்று கூலி போட்டுப் பெருக்கினால் இரண்டாவது அறைக்கு ஆன செலவில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. அறை கட்டியதால் நடந்தது என்னவென்றால், அந்த அம்மாவின் கோப்புறையில் வரிசை நீண்டது. முன்பு வாரத்துக்கு ஒரு புத்தகம் அங்கே வந்து விழுந்தது, இப்போது இரண்டு.

குறிக்கோளுக்கும் பட்ஜெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தாள் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. குறிக்கோளைப் பார்த்து நேரே தொகை போட முடியாது. அது நடக்க யார் என்ன வேலை செய்ய வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும், அந்த மணி நேரம் இப்போது எங்கே போகிறது என்று ஒரு தாள் நடுவில் வேண்டும். தொகை தானாக அதிலிருந்து இறங்கி வரும். எங்களைப் போன்ற இடங்களில் செலவின் பெரும்பகுதி மனிதர்களின் நேரம். அதைச் ‘சம்பளம்’ என்று ஒரே வரியில் அடைத்துவிட்டால், எந்தக் குறிக்கோளுக்கு எத்தனை ஆள் இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. வி. ஓ. கீ என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1940-இலேயே இதைக் கேள்வியாகக் கேட்டிருக்கிறார்: இந்தத் தொகையை ‘அ’ என்ற வேலைக்கு ஒதுக்காமல் ‘ஆ’ என்ற வேலைக்கு ஒதுக்க எது அடிப்படை? படிக்க எளிய கேள்வி. அரசாங்கங்கள் இதற்குப் பதில் தேடி அலைந்த கதை பெரிது. ராபர்ட் மெக்னமாரா 1961-இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானதும் செலவுகளைத் துறைவாரியாகப் பார்ப்பதை விட்டு நோக்கவாரியாகத் தொகுக்க ஒரு முறையைக் கொண்டுவந்தார். அணு ஆயுதத் தடுப்பு என்று ஒரு நோக்கம் இருந்தால், அதற்காக விமானப்படை செய்கிற செலவும் கடற்படை செய்கிற செலவும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்பது யோசனை. அதிபர் ஜான்சன் 1965-இல் எல்லாத் துறைகளுக்கும் அதை விரித்தார். தாள்கள் மலையாகக் குவிந்தன. 1971-இல் மற்ற துறைகளில் கைவிட்டுவிட்டார்கள், பாதுகாப்புத் துறையில் மட்டும் தங்கிவிட்டது.

அடுத்து பீட்டர் பைர். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தில் இருந்தவர். போன வருஷத்து ஷீட்டைத் திறக்கவே கூடாது, ஒவ்வொரு செலவும் பூஜ்யத்திலிருந்து தன்னை நியாயப்படுத்திக்கொண்டு வர வேண்டும் என்றார். 1970-இல் அவர் எழுதியதைப் பார்த்து ஜார்ஜியா ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். கார்ட்டர் அதிபரானதும் 1977-இல் மத்திய அரசுக்கும் அதே முறையைக் கொண்டுவந்தார். 1981-இல் ரீகன் வந்ததும் அது போய்விட்டது.

எனக்குப் பைர் சொன்னது கேட்டவுடனேயே பிடித்துப்போய், முதல் வருடம் எல்லாத் தலைப்பையும் பூஜ்யத்திலிருந்து எழுதப் புறப்பட்டேன். பெரிய தப்பு. தணிக்கைக் கட்டணத்தையும் இணைய இணைப்பையும் நியாயப்படுத்தி இரண்டு பத்தி எழுத வேண்டுமென்றால் யாருக்குப் பொறுமை இருக்கும்? மூன்றாவது வாரத்தில் எல்லோரும் போன வருஷத்து வாக்கியங்களையே வெட்டி ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது வருடத்துக்கு மூன்று தலைப்புகளை மட்டும் அப்படி எழுதுகிறோம். பெரிய தொகை ஒன்று, குறிக்கோளை நேரடியாகத் தொடுகிறது ஒன்று, ரொம்ப வருடமாக யாரும் கேள்வி கேட்காதது ஒன்று. மூன்றாவதில்தான் சுவாரசியமான பூதங்கள் கிளம்பும். ஒரு வருடம் ‘பராமரிப்பு’ என்ற தலைப்பைத் தோண்டினால், எப்போதோ கழித்துக்கட்டிய நகலெடுக்கும் இயந்திரத்துக்கு இன்னும் பராமரிப்புத் தொகை கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

‘இதர செலவுகள்’ பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஷீட்டில் அது ஆறு சதவீதம் இருந்தது. ஒரு அமைப்பில் பேச விரும்பாத விஷயங்களெல்லாம் போய் ஒளிந்துகொள்கிற இடம் அது. இப்போது ஒரு சதவீதத்துக்கு மேல் போனால் உடைத்துக் காட்ட வேண்டும் என்று விதி.

சரி, இரண்டாவது அறை ஏன் வந்தது? இதைச் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மைதான். அறை வந்தது, அறைக்குப் பணம் கிடைத்ததால். நன்கொடையாளர் ஒருவர் கருவிக்குத் தருவோம், சம்பளத்துக்குத் தரமாட்டோம் என்றார். கருவிக்குப் படம் எடுக்கலாம், சுவரில் பெயர்ப் பலகை வைக்கலாம். ஒரு அம்மா காதுப்பொறியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டுவதைப் படம் எடுத்து யார் பார்ப்பார்கள்? நிபந்தனையோடு வருகிற நிதி நம் குறிக்கோளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வருகிற பணத்துக்கு ஏற்ற மாதிரி நாம்தான் மெல்ல மெல்ல வளைகிறோம். வளைந்தது தெரிய ஏழெட்டு வருடம் ஆகிறது.

அடுத்த முறை அவரிடம் போனபோது சம்பளம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரு புத்தகத்தை முடிக்க ஆகும் முழுச் செலவை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். வாசிப்பவரின் போக்குவரத்து, அறையின் மின்சாரம், கேட்பவரின் 21 மணி நேரம், ஒட்டுபவரின் ஐந்து மணி நேரம், அனுப்பும் செலவு, வாடகையில் ஒரு பங்கு, கணக்கு எழுதுகிற என் சம்பளத்திலும் ஒரு பங்கு. இத்தனை புத்தகத்துக்கு நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். இன்னொருவர் கடைசி இரண்டு வரியில் விரலை வைத்து, இது நிர்வாகச் செலவு, இதை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தால் புத்தகம் வாடகை இல்லாத கட்டடத்தில், கணக்கே எழுதாமல் தயாராக வேண்டும். விளக்கினேன், அவர் மசியவில்லை. அந்தப் பணத்தை நாங்கள் வாங்கிக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் அப்போது இல்லை.

இந்த இழுபறி எங்கும் உண்டு. அமெரிக்க அரசு மானியங்களில், தனியாகப் பேசி விகிதம் முடிவு செய்துகொள்ளாத அமைப்புகள் வாடகை, கணக்கு போன்ற மறைமுகச் செலவுக்கு 10 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்று வெகுநாள் இருந்தது, அக்டோபர் 2024 முதல் அதை 15 ஆக உயர்த்தினார்கள். வாடகையும் கணக்கும் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது என்பதை ஒப்புக்கொள்ள எல்லோருக்கும் நேரம் எடுக்கிறது.

பணம் கிடைத்துவிட்டது, திட்டம் சரி, கூட்டினால் நேராக வருகிறது. ஆனாலும் ஐந்தாவது மாதம் வங்கிக் கணக்கு துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. காரணம் என்னுடைய சோம்பேறித்தனம். வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு மாதம் ஒரே எண்ணைப் போட்டிருந்தேன். எங்கள் வேலை அப்படி நடப்பதில்லை. பருவம் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் கோரிக்கைகள் வந்து கொட்டும். கேட்டுப் பிழை பார்ப்பவருக்கு அப்போதுதான் மணி நேரம் அதிகம் வேண்டும், கூலியும் அப்போதுதான் போகும். நன்கொடையின் இரண்டாவது தவணையோ அரையாண்டு அறிக்கை கொடுத்த பிறகுதான் வரும். வருடக் கணக்கில் பணம் இருக்கிறது, அந்த மாதக் கணக்கில் இல்லை. கையிருப்பு நிதியை உடைத்துத்தான் சமாளித்தோம். மூன்று மாதச் செலவுக்கு ஈடாக ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று பழைய பொருளாளர் ஒருவர் பிடிவாதமாக நின்றதால் அது இருந்தது. அப்போதெல்லாம் அவரைக் கஞ்சன் என்று பேசிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இப்போது முதலில் மாதவாரித் தாளைப் போட்டுவிட்டுத்தான் வருடத் தாளுக்கு வருகிறேன். எந்த மாதம் வேலை குவியும் என்று வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கடைசி மாதக் கூத்து தனி. மார்ச்சோ டிசம்பரோ, கணக்கு வருடம் எந்த மாதத்தில் முடிந்தாலும் சரி, மிச்சம் இருக்கிற பணத்தைச் செலவழிக்காவிட்டால் அடுத்த வருடம் வெட்டிவிடுவார்கள் என்ற பயம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். நாங்கள் ஒரு வருடம் அப்படி வாங்கிய முப்பது காதுப்பொறிகளில் இருபத்திரண்டு இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. ஜெஃப்ரி லீப்மன், நீல் மஹோனி என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்க அரசின் கொள்முதல்களை எடுத்துப் பார்த்து 2017-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கு வருடத்தின் கடைசி வாரச் செலவு, மற்ற வாரங்களின் சராசரியைப்போல 4.9 மடங்கு. அந்த வாரத்தில் ஒப்பந்தமான கணினித் திட்டங்களின் தரமும் மற்றவற்றைவிடக் குறைவு. மிச்சப் பணத்தைக் கணினித் திட்டங்களுக்காக அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போக அனுமதி இருந்த அமெரிக்க நீதி அமைச்சகத்தில், அந்தத் திட்டங்களுக்கான வருடக் கடைசி வேகம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. இதை அச்செடுத்து நிர்வாகக் குழுவில் சுற்றுக்கு விட்டேன். குறிக்கோளோடு கட்டிய தலைப்புகளில் மிச்சம் இருந்தால் பாதியை அடுத்த வருடம் அதே வேலைக்கு எடுத்துப்போகலாம் என்று தீர்மானம் வந்தது. முழுதும் கேட்டேன், பாதி கிடைத்தது.

குழு என்றதும் ஆண்டு மலர் ஞாபகம் வருகிறது. மொத்தச் செலவில் ஒன்பது சதவீதம். வழவழப்பான தாளில், வண்ணத்தில். பார்வையற்றவர்களுக்கான அமைப்பு வண்ண மலர் போடுவதில் உள்ள வேடிக்கையை நான் கூட்டத்தில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற செயலாளர் முகம் மாறிவிட்டது. "இதுதான் சார் வெளியில நமக்கு முகம். இதைப் பார்த்துத்தான் நாலு பேர் தர்றாங்க." அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மலர் பார்த்து வந்த நன்கொடை எவ்வளவு என்று எடுத்துப் பார்த்தேன். மலரின் செலவைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த எண்ணையும் காட்டினேன். எண்ணைக் காட்டினால் எல்லோரும் மனம் மாறிவிடுவார்கள் என்று நினைப்பது கணக்காளர்களின் பழைய மூடநம்பிக்கை. நாற்பது நிமிடம் பேசிவிட்டுப் பக்கத்தைப் பாதியாக்கினார்கள். மலர் இன்னும் வருகிறது. குறிக்கோளுக்குப் பணம் ஒதுக்குவது என்றால் யாரோ ஒருவருக்குப் பிடித்தமான ஒன்றிலிருந்து எடுப்பது என்றுதான் அர்த்தம். அது ஷீட்டில் நடக்கிற வேலை இல்லை. இரண்டு மாதம் முன்னாலிருந்தே தனித்தனியாகப் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

பட்ஜெட்டே வேண்டாம் என்று சொன்னவரும் உண்டு. ஸ்வீடனின் ஹாண்டெல்ஸ்பாங்கன் வங்கிக்கு 1970-இல் தலைவராக வந்த யான் வாலாண்டர் வருடாந்தர பட்ஜெட்டை ஒழித்தார். கிளைகள் தாங்களே முடிவெடுக்கட்டும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நிலைமை வழக்கம்போல இருந்தால் பட்ஜெட் சொல்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நிலைமை புரண்டுவிட்டால் அது தப்பான வழிதான் காட்டும் என்பது அவர் வாதம். வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நன்கொடையாளரிடம் போய் எங்களிடம் பட்ஜெட் இல்லை என்று சொல்கிற துணிச்சல் ஒன்பது பேர் உள்ள அமைப்புக்குக் கிடையாது. வாலாண்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: வருடத் தொடக்கத்தில் எழுதிய எண்ணுக்கு விசுவாசமாக இருக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மீதி வருடத்தைத் திருப்பி எழுதுகிறோம்.

அப்படி முதல் முறை உட்கார்ந்தபோது ஒரு சங்கதி நடந்தது. ‘பதிவு கேட்டல்’ என்று புதிதாக ஒரு தலைப்பு போட்டிருந்தோம். அந்த மூன்று மாதத்துக்கு ஒதுக்கியதில் நாற்பது சதவீதம்தான் செலவாகியிருந்தது. குழுவில் ஒருவர், "பரவாயில்லையே, நல்லா மிச்சம் பிடிச்சிருக்கீங்க" என்றார். எனக்குப் பகீர் என்றது. விசாரித்தால், மணிக்கூலிக்குச் சேர்த்த இருவரில் ஒருவர் முதல் மாதமே நின்றுவிட்டார், மாற்று ஆள் எடுக்கவில்லை. மிச்சம் பிடித்தது பணம் இல்லை, மாணவர்களின் புத்தகம். வாடகையில் மிச்சம் வந்தால் சந்தோஷப்படலாம். குறிக்கோளைத் தாங்குகிற தலைப்பில் மிச்சம் வந்தால் எங்கோ வேலை நின்றுபோயிருக்கிறது. செலவு அதிகமானால் சிவப்பில் காட்டுகிற ஷீட், குறைந்தால் பச்சையில் காட்டுகிறது. அந்தத் தலைப்புக்கு மட்டும் இரண்டு பக்கமும் சிவப்பு வரும்படி மாற்றினேன்.

ஷீட்டில் இன்னொரு நெடுவரிசையும் சேர்த்தேன். ஒதுக்கீடு, செலவு என்ற இரண்டுக்கும் அடுத்து ‘நாள்’ என்று ஒன்று. அந்தக் காலாண்டில் அனுப்பிய புத்தகங்களுக்குக் கேட்ட நாளிலிருந்து சராசரியாக எத்தனை நாள் ஆனது என்பது. பணக் கணக்கில் நாளுக்கு என்ன வேலை என்று தணிக்கையாளர் கேட்டார். அவருக்குக் கொடுக்கிற பிரதியில் அதை மறைத்துவிடுகிறேன்.

முதல் காலாண்டில் அந்தக் கட்டத்தில் 128 என்று இருந்தது. அந்த வருடம் முடியும்போது 61. போன காலாண்டில் 47. ஆறு வாரம் என்றால் 42. மீதி ஐந்து நாள் எங்கே போகிறது என்று மறுபடியும் ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். இந்த முறை உயிரியல். வாசித்தது, கேட்டது, ஒட்டியது எல்லாம் சரியான நேரத்தில் நடந்திருக்கின்றன. நடுவில் படங்கள். இதயத்தின் குறுக்குவெட்டு, இலையின் அமைப்பு, இப்படி எழுபதுக்கு மேல். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை வார்த்தையில் சொல்ல வேண்டும். வாசித்த தன்னார்வலர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதயத்தின் எந்த அறையிலிருந்து ரத்தம் எங்கே போகிறது என்று தெரியாமல் அந்தப் பக்கங்களில் நின்றுவிட்டார். பாடம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து எழுதி வாங்க ஆறு நாள் ஆகியிருக்கிறது.

கேட்கிற அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இது எப்பவும் உள்ளதுதானே. அறிவியல் புத்தகம்னாலே இழுக்கும்" என்றார். எப்பவும் உள்ளதுதான். ஷீட்டில்தான் இல்லை. அடுத்த வருடத் தாளில் ‘படம் விவரித்தல்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தொகைக்கான கட்டம் இன்னும் காலி. ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள்.